கனடா பிஆர்: 730 நாள் கணக்கில் குறைந்தால் விட்டுக்கொடுத்துவிட வேண்டுமா?

நெடும்பயணி:
கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை, அதாவது பிஆர், கிடைத்து ஆறு வருடம். அம்மாவுக்குப் பக்கவாதம் என்று மூன்று வருடம் நான்கு மாதம் முன்பு கிளம்பி வந்தேன். படுத்த படுக்கை, விட்டு நகர முடியவில்லை. போன மாதம் அம்மா காலமானார். பிஆர் நிலைக்க 5 ஆண்டில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும். இப்போது கணக்குப் பார்த்தால் கடந்த 5 ஆண்டில் இருந்தது 611 நாள். 119 குறைகிறது. கார்டும் காலாவதி. பிஆரை எழுதிக்கொடுத்துவிட்டு விசிட்டர் விசா வாங்கச் சொல்கிறார் உறவினர் ஒருவர். செய்யலாமா?

கணக்குப்பிள்ளை:
அம்மாவுக்கு என் அஞ்சலி. ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: உறவினர் சொல்வதே சரி. ஐந்து வருடத்தில் இரண்டு வருடம்தான் கேட்கிறார்கள், அதையும் தொடர்ச்சியாக இல்லாமல் விட்டுவிட்டு இருக்கலாம். இறங்கிய நாள், கிளம்பிய நாள் இரண்டும் சேரும். பிரிட்டனில் ஐஎல்ஆர் (அங்கே காலவரையின்றி வசிக்கும் அனுமதி) வைத்திருப்பவர் தொடர்ந்து 2 ஆண்டுக்கு மேல் வெளியே இருந்தால் உரிமை தானாகவே போய்விடும். அமெரிக்காவின் கிரீன் கார்டுக்காரர் ஓராண்டுக்கு மேல் வெளியே இருப்பதானால், கிளம்பும் முன்பே ரீஎன்ட்ரி பெர்மிட்டுக்கு (திரும்பி நுழையும் அனுமதிக்கு) விண்ணப்பித்திருக்க வேண்டும். குடியிருப்பு உரிமை குடியிருப்பவருக்குத்தானே?

மழைச்சாரல்:
பயணி அண்ணா, தயவுசெய்து எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்!

கார்டு காலாவதியானால் பிஆர் போய்விடாது. நாள் குறைந்தாலும் தானாகப் போகாது. அதிகாரி ஒருவர் முடிவெடுக்க வேண்டும், அதை எதிர்த்து நீங்கள் மேல்முறையீடு செய்யலாம். அதுவரை நீங்கள் பிஆர்தான். நீங்களே எழுதிக்கொடுத்தால்தான் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும்.

அப்பாவுக்காக நானும் இப்படி மாட்டினேன். விமான நிலைய கவுன்டரில் அந்தப் பெண் என் கார்டைத் திருப்பித் திருப்பி, தேதிமேல் விரல் வைத்துக் காட்டிவிட்டு, ஏற்ற முடியாது என்றார். பிறகு வெளிநாட்டிலிருந்தே, செல்லும் கார்டு இல்லாத பிஆர்காரர் கனடா திரும்ப உதவும் பிஆர் பயண ஆவணத்துக்கு விண்ணப்பித்தேன். குடிவரவுச் சட்டம் 28ஆவது பிரிவில் மனிதாபிமானக் காரணங்களைப் பார்க்க இடம் இருக்கிறது. அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரி, மருத்துவர் கடிதம், கவனிக்க வேறு ஆள் இல்லை என்பதற்கான விளக்கம் எல்லாம் வைத்தேன். கிடைத்தது. மறுத்திருந்தாலும் மேல்முறையீட்டுக்கு 60 நாள் அவகாசம் உண்டு.

கணக்குப்பிள்ளை ஐயா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கனடியக் குடிமகனான கணவரோடு வெளிநாட்டில் இருந்தால் அந்த நாட்களைச் சட்டமே கணக்கில் சேர்க்கிறது. பெற்றவள் படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாள் மட்டும் ஏன் சேரக்கூடாது?

கணக்குப்பிள்ளை:
துணை குடிமகனாக இருப்பதால் அந்த நாட்டோடு ஒரு பிடிப்பு இருக்கிறது, அதனால் சேர்க்கிறார்கள். பெற்றோருக்காகப் போவதையும் சேர்த்தால் எல்லை எங்கே? எல்லோருக்கும் வயதான பெற்றோர் உண்டு. வரிசையில் காத்திருப்பவர்களையும் நினைத்துப் பாருங்கள், அம்மா. ஆனால் கையெழுத்து விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி. அவசரப்பட்டு எழுதிக்கொடுக்கச் சொன்னது என் தவறு.

மழைச்சாரல்:
எல்லையை அதிகாரி பார்த்துக்கொள்வார், ஐயா. அதற்குத்தான் ஆதாரம் கேட்கிறார்கள். வரிசையில் நிற்பவர்களுக்கும் பெற்றோர் இருக்கிறார்கள்.

வடக்குவாசல்:
இன்னொன்று. பயண ஆவணம் கிடைத்து, குடிவரவு கவுன்டரில் நாள் குறைந்ததாக உங்கள்மேல் எந்த அறிக்கையும் எழுதாமல் உள்ளே விட்டுவிட்டால், 730 நாள் முழுதாகச் சேரும்வரை வெளியே போகாதீர்கள். அதற்குள் கார்டு புதுப்பிக்கவோ, யாரையும் ஸ்பான்சர் செய்யவோ விண்ணப்பிக்க வேண்டாம். விண்ணப்பித்தால் உங்கள் நாட்களைத் திரும்ப எண்ணுவார்கள். கேட்டால் உண்மையை மட்டும் சொல்லுங்கள். பொய் சொல்லி மாட்டினால் நாள் குறைந்ததைவிடப் பெரிய வழக்காகிவிடும்.

நெடும்பயணி:
எல்லோருக்கும் நன்றி. கையெழுத்துப் போடவில்லை. அம்மாவின் மருந்துச் சீட்டுகளைப் பழைய பையில் அப்படியே வைத்திருந்தேன். இன்று காலையிலிருந்து தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் இல்லாத சீட்டுகளுக்குச் சான்று பெற்ற மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும், இல்லையா மழைச்சாரல்?

மழைச்சாரல்:
ஆமாம் அண்ணா. மூலத்தின் நகலையும் கூடவே வையுங்கள்.