எல்லா வகைக் கோப்புக்கும் ஒரே அப்லோட் வழி போதுமா?

ராணிப்பேட்டை_ரூட்:
சிப்காட்டில் ஒரு டேனரிக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைக்கு, வெப் ஆப் எழுதிக்கொண்டிருக்கிறேன். சர்வர் நோடு, எக்ஸ்பிரஸில்; ஏறும் கோப்பை வாங்குவது மல்டர்; எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் வெப் சர்வர் என்ஜின்எக்ஸ். ஏற்ற வேண்டியவை மூன்று: ஃபோனில் எடுத்த தோல் படங்கள், லேப் தரும் பிடிஎஃப் அறிக்கை, பேக்கிங் லிஸ்ட் எக்செல். ஒரே வழியில் வாங்கி எக்ஸ்டென்ஷனையும் (பெயரின் கடைசியில் வரும் .pdf போன்றது) கன்டென்ட்-டைப்பையும் (கோப்பு என்ன வகை என்று கூடவே வரும் குறிப்பு) பார்த்துப் பிரித்தால் போதும் என்கிறேன், கூட வேலை செய்கிறவர்கள் தனித்தனியாக வை என்கிறார்கள். எது சரி?

பாலாறு:
ஒரே வழிதான். மூன்று வைத்தால் லாகின் சோதனை மூன்று இடத்தில், பிழைச் செய்தி மூன்று இடத்தில், ஆறு மாதம் கழித்து ஒன்றில் திருத்துவீர்கள், மற்ற இரண்டில் மறந்துபோகும். ஏற்றப்போவது லாகின் செய்த ஊழியர்கள், ஊரில் போகிற வருகிறவர்கள் இல்லை. எக்ஸ்டென்ஷன் பார்த்தாலே போதும்.

காட்பாடி_ஜங்ஷன்:
போதாது அண்ணா. கன்டென்ட்-டைப் என்பது பிரவுசர் எழுதி அனுப்புவது, அதுவும் பெரும்பாலும் எக்ஸ்டென்ஷனைப் பார்த்துத்தான் எழுதுகிறது. ஆக நீங்கள் இரண்டு சோதனை செய்வதாக நினைப்பது உண்மையில் ஒன்றுதான். ஊழியர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் கணினிக்கு மெயிலில் வந்த கோப்பு நல்லதா என்று அவருக்கே தெரியாது. உள்ளே இருக்கும் பைட்டைப் பாருங்கள். ஜேபெக்கின் முதல் மூன்று பைட் ஹெக்ஸில் (16 அடிமான எண்ணில்) எப்போதும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப். பிடிஎஃப் ஒரு சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற எழுத்துகளுமாகத் தொடங்கும்.

பாலாறு:
சரி தம்பி, எக்செல்லுக்கு என்ன செய்வீர்கள்? எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்பது ஒரு ஜிப், முதல் இரண்டு எழுத்து பிகே. வேர்டு கோப்பும் அதே பிகே, சும்மா ஒரு ஜிப்பும் அதே பிகே. உங்கள் பைட் சோதனை அங்கேயே படுத்துவிடும்.

காட்பாடி_ஜங்ஷன்:
அதனால்தான் தனி வழி கேட்கிறேன். எக்செல் வரும் இடத்தில் ஜிப்பைத் திறந்து உள்ளே வொர்க்புக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், விரிக்கும்போது பைட்டை எண்ணிக்கொண்டே வந்து வரம்பைத் தாண்டினால் அங்கேயே நிறுத்த வேண்டும். சில கேபி அளவுள்ள ஜிப் விரிந்து சர்வரின் மெமரியையே நிரப்பிவிடும், ஜிப் தலைப்பில் எழுதியிருக்கும் அளவையும் நம்ப முடியாது. படத்துக்கு இந்த வேலை எதுவும் தேவையில்லை. இன்னொன்று, என்ஜின்எக்ஸில் எதையும் தொடாவிட்டால் 1 எம்பிக்கு மேல் வருவதெல்லாம் 413, அதாவது அளவு பெரிது என்ற பிழையோடு திரும்பும், ஃபோன் படம் ஒன்றுகூட ஏறாது. வழி தனியாக இருந்தால் படத்துக்கு 15 எம்பி, எக்செல்லுக்கு 2 எம்பி என்று என்ஜின்எக்ஸிலேயே பிரித்து வைக்கலாம். ஒரே வழி என்றால் எல்லாவற்றுக்கும் 15தான்.

ஆம்பூர்_அட்மின்:
நான் காட்பாடி பக்கம், ஆனால் என் காரணம் வேறு. ஐரோப்பிய யூனியனுக்குப் போகும், உடலில் படும் தோல் பொருட்களில் குரோமியம் 6 (குரோமியத்தின் நச்சு வடிவம்) கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற விதி 2015 மே மாதம் முதல் இருக்கிறது. லேப் பிடிஎஃப் அதற்கான சான்று, அதில் ஒரு பைட்கூட மாறக் கூடாது. வந்தவுடன் ஷா-256 (கோப்பின் கைரேகை போன்ற எண்) எடுத்து டேட்டாபேஸ் டேபிளில் போட்டுவிட்டு கோப்பை அப்படியே வைக்க வேண்டும். படம் நேர் எதிர்: அதைத் திறந்து புதிதாக ஜேபெக்காக எழுத வேண்டும், அப்போது உள்ளே ஒட்டிக்கொண்டு வந்த வேண்டாத சரக்கும் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ்ஸும் போய்விடும். ஒன்றைத் தொடவே கூடாது, மற்றதைத் தொட்டே ஆக வேண்டும். இதை ஒரே ஃபங்ஷனில் இஃப் போட்டு எழுதினால் என்றைக்காவது பிடிஎஃப் தவறான பக்கம் போகும்.

பாலாறு:
படத்தின் தேதியும் போய்விடுமே? கறை, வெட்டு என்று பையர் சண்டைக்கு வரும்போது எப்போது எடுத்தது என்பதுதான் முதல் கேள்வி.

ஆம்பூர்_அட்மின்:
தேதியை முதலில் படித்து டேபிளில் ஒரு நெடுவரிசையில் எழுதிவிட்டு அப்புறம் அழியுங்கள். ஷார்ப் என்ற பட லைப்ரரியைப் பயன்படுத்தினால் தேதி, இடம் போன்ற மெட்டாடேட்டா தானாகவே போய்விடும், ஆனால் அதற்கு முன் ரோட்டேட் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் செங்குத்தாக எடுத்த படம் படுத்துக் கிடக்கும். ஐஃபோன் வைத்திருப்பவர்கள் இருந்தால் ஹெய்க் வகைப் படம் வரும், 2017இல் ஐஓஎஸ் 11 முதல் அதுதான் வழக்கமான வடிவம். என்பிஎம்மில் (நோடு பேக்கேஜ்கள் கிடைக்கும் இடம்) இறங்கும் ஷார்ப் அதைத் திறக்காது, தனியாக ஒரு மாற்றி வேண்டும்.

பாலாறு:
வழிகள் தனியாக இருக்கட்டும், இதை ஏற்கிறேன். லாகின், பிழைச் செய்தி, டிஸ்க்கில் எழுதுவது இவை மூன்றும் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும், அதில் மாற்றமில்லை. அதைப் பிரித்தால் நான் முதலில் சொன்னதுதான் நடக்கும்.

ராணிப்பேட்டை_ரூட்:
அப்படியே செய்கிறேன், பொது வேலைகளை ஒரு மிடில்வேரில் (எல்லா வழிக்கும் பொதுவாக ஓடும் குறியீடு) வைத்து மூன்று வழி. கோப்புப் பெயர் பற்றி யாரும் சொல்லவில்லையே? சூப்பர்வைசர்கள் தமிழில் பெயர் வைக்கிறார்கள், சர்வருக்கு வரும்போது எழுத்தெல்லாம் உடைந்து கிடக்கிறது.

காட்பாடி_ஜங்ஷன்:
மல்டர் அந்தப் பெயரை லத்தீன்-1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறியீட்டு முறை) என்று படிப்பதால் வருவது அது. லத்தீன்-1 பஃபராக, அதாவது வெறும் பைட்டுகளாக மாற்றி, தமிழும் அடங்கிய யுடிஎஃப்-8 ஆகத் திரும்பப் படித்தால் சரியாகிவிடும். ஆனால் டிஸ்க்கில் அந்தப் பெயரை வைக்காதீர்கள், அதற்கு யூயூஐடி (தானாக உருவாகும் தனித்த அடையாளம்), ஃபோல்டரும் வெப் சர்வர் நேரடியாகக் கொடுக்கும் இடத்துக்கு வெளியே. தமிழ்ப் பெயர் டேபிளில் இருக்கட்டும், டவுன்லோட் செய்யும்போது அதையே கொடுங்கள். அவர்கள் வைத்த பெயரிலேயே அவர்களுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும்.