மெய்நிகர் கணினி: திரை விரியவில்லை, அணையவும் மறுக்கிறது

கேவிஎம் என்ற லினக்ஸ் மெய்நிகராக்க வசதியில் டெபியன் 12 லினக்ஸ், க்னோம் திரைச்சூழல், 4 ஜிபி நினைவகம். போன வாரம் லினக்ஸின் மையமான கெர்னலைப் புதுப்பித்ததிலிருந்து திரை 1024×768-ஐத் தாண்டவில்லை. சாளரத்தை இழுத்தால் கறுப்புப் பட்டைதான் அகலமாகிறது. அணைக்கச் சொன்னால் 1 நிமிடம் 30 விநாடி எண்ணிவிட்டு, கடைசி வரியில் கர்சர் சிமிட்டியபடி அப்படியே நின்றுவிடுகிறது. தினமும் வலுக்கட்டாயமாக நிறுத்துகிறேன். வட்டுக் கோப்பு என்றைக்குக் கெடுமோ!

மெய்நிகர் வீடியோ அட்டையை கியூஎக்ஸ்எல் வகையிலிருந்து விர்ட்ஐஓ வகைக்கு மாற்றினேன். சாளரத்துக்கு ஏற்பத் திரை அளவை மாற்ற உதவும் ஸ்பைஸ் ஏஜென்ட்டை நீக்கி மீண்டும் நிறுவினேன். வேலேண்ட் என்ற காட்சி அமைப்பை விட்டு, பழைய அமைப்பான எக்ஸ்ஆர்கில் நுழைந்தும் பலனில்லை. கெர்னலின் திரை இயக்கிகளை முடக்கும் நோமோட்செட் அமைப்பைப் போட்டுப் பார்த்தது என் முட்டாள்தனம். திரை மேலும் மோசமானது. பழைய கெர்னலில் திரை சரியாகிறது, அணைக்கும்போது மட்டும் அதே தகராறு. கணினியின் நிகழ்வுப் பதிவான ஜர்னலோ, பவர் ஆஃப் கட்டத்தை எட்டியதாகச் சொல்லி முடிந்துவிடுகிறது.

அதற்குப் பிறகு கணினியைப் பிடித்து வைத்திருப்பது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?