புதுப்பிப்பு: தம்பி தேய்த்த கடன் அட்டை

என் கடன் அட்டைக் கணக்கில் தம்பிக்கு எடுத்துக் கொடுத்த துணை அட்டையில் அவன் என்னிடம் சொல்லாமல் விலை கூடிய கைப்பேசி வாங்கியதைப் போன வாரம் எழுதியிருந்தேன். வங்கியில் கேட்டாயிற்று. துணை அட்டையில் யார் தேய்த்தாலும் முதன்மை அட்டைக்காரர்தான் கட்ட வேண்டுமாம். சரி, அதை ரத்து செய்துவிட்டேன். அப்புறம் பார்த்தால், அவனுடைய டாக்சி, சாப்பாட்டுச் செயலிகளில் என் அட்டை எண்ணும் பதிந்து கிடக்கிறது! எண்ணையே மாற்றிப் புது அட்டை வாங்கினேன். நிலுவையை முழுசாகக் கட்டியாயிற்று. இங்கே சிங்கப்பூரில் கடன் அட்டைக்கு ஆண்டு வட்டி 26 விழுக்காட்டுக்கு மேல், விட்டுவைத்தால் குட்டி போடும்.

அம்மா, "சின்னப் பையன்டா, விடு" என்கிறார். இருபத்தெட்டு வயதுச் சின்னப் பையன்! மாதம் 200 வெள்ளி தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறான். முதல் தவணை பேநவ் (PayNow) என்ற உடனடிப் பணம் அனுப்பும் சேவையில் வந்தது, "சாரி அண்ணே" என்ற குறிப்போடு. போலீசுக்குப் போகச் சொன்னவர்களுக்கு: இப்போதைக்கு இல்லை.