பலூன் ட்விஸ்டிங்கை முழுநேரத் தொழிலாக எடுத்தால் குடும்பம் ஓடுமா?

உறையூர்_மலர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் திருச்சி. என் வீட்டுக்காரர் மொபைல் கடையில் சேல்ஸ் வேலை. சில வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பர்த்டே பார்ட்டிகளுக்குப் போய் பலூனில் நாய், வாள், தொப்பி எல்லாம் செய்து கொடுக்கிறார். யூட்யூப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான், ஆனால் நன்றாகச் செய்வார். இப்போது கடை வேலையை விட்டுவிட்டு இதையே முழுசாகப் பார்க்கலாம் என்கிறார். சம்பளம் 17,000. சில மாதம் பலூனிலேயே அதற்கு மேல் வருகிறது, சில மாதம் பெட்ரோல் காசுக்கே இழுபறி. பெண் இரண்டாம் வகுப்பு, பையனுக்கு மூன்று வயது. "பலூன்காரன்னு ஊர்ல சொல்லுவாங்க" என்று மாமனார் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். அது எனக்குப் பெரிசில்லை. வாடகையும் ஸ்கூல் ஃபீஸும்தான் கவலை. இதை வைத்தே குடும்பம் நடத்துகிறவர்கள் யாராவது இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.

மதுரை_பலூன்காரர் பதில்:

தங்கச்சி, உள்ளதைச் சொல்லச் சொன்னதால் கொஞ்சம் நீளும். நான் மதுரையில் இந்தத் தொழிலை மட்டும் நம்பி இருக்கிறவன். அதற்கு முன் துணிக்கடை வாசலில் கரடி வேஷம் போட்டு நின்றேன். சித்திரை வெயிலில் அந்த உடைக்குள் நின்றவனுக்கு எந்த வேலையும் சொகுசாகத்தான் தெரியும், அதனால் என் பேச்சில் கொஞ்சம் கழித்துக்கொண்டே படியுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் கை வேகம் எப்படி என்பதை விட, மாதத்தில் எத்தனை தேதி நிரம்புகிறது என்பதைப் பாருங்கள். இந்த வருமானம் மாதச் சம்பளம் மாதிரி வராது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண ரிசப்ஷன், காதுகுத்து எல்லாம் நின்றுவிடும். பர்த்டே மட்டும் ஆடி பார்க்காது, அதுதான் அந்த மாதங்களில் சோறு. பிப்ரவரி, மார்ச் பரீட்சை நேரம், படிக்கிற பிள்ளைகள் வீட்டில் பார்ட்டி வைக்க மாட்டார்கள். கோடை லீவில் மால், சம்மர் கேம்ப் என்று ஓட்டம். நவம்பர் 14 அன்று ஊரிலுள்ள எல்லாப் பள்ளிக்கூடமும் ஒரே நாளில் கூப்பிடும், போவதற்கு ஒரு உடம்புதான் இருக்கும். டிசம்பர் கடைசி வாரம் அபார்ட்மென்ட் கிறிஸ்துமஸ் பார்ட்டிகள். ஆக, மே மாதம் வந்த பணத்தில் ஆடி வாடகையை எடுத்து வைக்கிற பழக்கம் வீட்டில் இருக்கிறதா? அது இருந்தால் பாதி பயம் போச்சு.

அப்புறம், ஒரு பலூனுக்கு இவ்வளவு என்று பேசவே கூடாது. நான் இரண்டு மணி நேரத்துக்கு 3,000 வாங்குகிறேன், ஊருக்குள் என்றால். பாதி அட்வான்ஸ் வராமல் தேதியை எழுத மாட்டேன். ஈவென்ட் பிடிக்கிறவர்கள் மூலமாக வரும் வேலையில் ரேட் குறையும், பணமும் மாசக்கணக்கில் இழுக்கும். ஒருத்தர் எனக்கு இன்னும் பாக்கி வைத்திருக்கிறார், பெயர் வேண்டாம். ஆனால் அவர்களை விட்டுவிடவும் முடியாது, ஏனென்றால் வார நாள் வேலை அவர்களிடமிருந்துதான் வரும்.

பார்ட்டியில் வரிசையைச் சமாளிப்பதுதான் உண்மையான திறமை. வாள் இருபது விநாடி. நாய் முக்கால் நிமிஷம்: வாலில் நாலு விரல் அளவு காற்றில்லாமல் விட்டு ஊதி, மூக்கு, இரண்டு காது, கழுத்து, கால் என்று முறுக்கிக்கொண்டே போனால் காற்று பின்னால் தள்ளித் தள்ளி அந்த இடத்தை நிரப்பும். அந்த இடம் விடாதவர் பலூன்தான் மூன்றாவது முறுக்கில் வெடிக்கும். யூனிகார்ன் என்றால் நாலு பலூன், மூன்று நிமிஷம். முதல் பிள்ளைக்கு ஒரு யூனிகார்ன் செய்து கொடுத்துவிட்டால் பின்னால் நிற்கிற நாற்பது பேரும் யூனிகார்ன் கேட்பார்கள், கதை முடிந்தது. அதனால் ஆறே ஆறு உருவம் போட்ட அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொள்வேன். பெரிய உருவம் பிறந்தநாள் பிள்ளைக்கு மட்டும், அதுவும் கடைசியில்.

பலூனில் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது. நாங்கள் பயன்படுத்துவது 260, அதாவது ஊதினால் 2 அங்குலத் தடிமன், 60 அங்குல நீளம். குவாலடெக்ஸ், செம்பர்டெக்ஸ் மாதிரி நல்ல கம்பெனி பலூன் வாங்கினால் விலை கூடுதல்தான், ஆனால் நூறில் வீணாவது கொஞ்சம். மலிவுப் பாக்கெட்டில் ஊதும்போதே போகும், பிள்ளைகள் அலறும். வண்டிப் பெட்டியில் வெயிலில் வைத்தால் எந்தக் கம்பெனி பலூனும் கெட்டுவிடும். புல்வெளியில் பார்ட்டி என்றால் கொஞ்சம் குறைவாக ஊதச் சொல்லுங்கள், வெயிலில் உள்ளே இருக்கிற காற்று விரியும். புல் நுனி குத்தியும் வெடிக்கும்.

இன்னொன்று. 2022 ஜூலை 1 முதல் பலூன் செருகும் பிளாஸ்டிக் குச்சிக்கு நாடு முழுக்கத் தடை. சில மண்டபத்தில் அதைப் பலூனுக்கே தடை என்று புரிந்துகொண்டு வாசலில் நிறுத்துவார்கள். ரப்பர் பலூன் அந்தப் பட்டியலில் இல்லை என்று பொறுமையாகச் சொன்னால் விடுவார்கள்.

2020-ஐ மட்டும் மறக்காதீர்கள். மார்ச்சுக்குப் பிறகு மாசக்கணக்கில் ஒரு விசேஷம் கிடையாது. என் வீட்டில் அப்போது ஓடியது மனைவியின் தையல் மெஷின்தான். வீட்டில் இரண்டாவது வருமானம் ஏதாவது, சின்னதாக இருந்தாலும், உருவான பிறகு வேலையை விடச் சொல்வேன்.

மாமனார் விஷயம்: என் மாமனாரும் அப்படித்தான் இருந்தார். இப்போது அவர் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு எல்லாம் என்னை ஓசியில் கூப்பிடுகிறார். எது மேல் என்று தெரியவில்லை.

கோவை_சுதா பதில்:

என் வீட்டுக்காரரும் இதே தொழில், எனவே பெண்கள் பக்கத்தை நான் சொல்கிறேன் மலர். உலகத்துக்கே லீவு என்றால் உங்கள் வீட்டில் வேலை. ஞாயிறு சாயங்காலம் சினிமா, சொந்தக்காரர் கல்யாணம் எல்லாம் நீங்களும் பிள்ளைகளும் தனியாகத்தான் போக வேண்டியிருக்கும். நாங்கள் செவ்வாய்க்கிழமையை எங்கள் ஞாயிறாக வைத்திருக்கிறோம். பெண்ணின் பிறந்தநாள் சனிக்கிழமை வந்தால் கேக் வெட்டுவது திங்கள் ராத்திரி. அவள் ஆறாவது வரும்போது இதற்குக் கோபப்பட்டாள், நியாயமான கோபம்தான், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

போனை நீங்கள் எடுங்கள். ஆண்கள் ரேட் பேசும்போது "சரி சார், பார்த்துக் கொடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். நான் பேச ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்கு அட்வான்ஸ் ஒழுங்காக வந்தது. பலூன் ஆர்ச் (வாசல் வளைவு), ஸ்டேஜ் டெகரேஷன் இரண்டையும் நான் கற்றுக்கொண்டேன், அதில்தான் கூடுதல் பணம். அவர் பிள்ளைகளோடு நிற்பார், நான் மேடையைப் பார்ப்பேன்.

உங்கள் பையனுக்கு மூன்று வயது என்றீர்கள். வெடித்த துண்டு ஒன்றுகூட வீட்டுத் தரையில் கிடக்கக் கூடாது. ஊதாத பலூனையும் எட்டாத இடத்தில் வையுங்கள். வாயில் போட்டால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். வெளிநாட்டுப் பாக்கெட்டுகளில் எட்டு வயதுக்குக் கீழ் கவனம் என்று அச்சடித்தே இருக்கும். பார்ட்டியிலும் கைக்குழந்தைக்கு நேரடியாகக் கொடுக்காமல் அம்மா கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

வங்கிக் கணக்கில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீடு இருக்கிறதே, அதை உடனே போட்டுவிடுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு பைக்கில் திரும்புகிற தொழில் இது.

உறையூர்_மலர்:

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. அவரிடம் படித்துக் காட்டினேன். ஆறு உருவம் போட்ட அட்டை என்றதும் சிரித்துவிட்டார், போன வாரம்தான் யூனிகார்னில் மாட்டினாராம். கடையில் வார நாள் மட்டும் அரை நாள் வேலைக்குக் கேட்டுப் பார்க்கிறோம். நான் டெகரேஷன் கற்கலாம் என்று இருக்கிறேன். ஒரே கேள்வி: இப்போது வாயால் ஊதுகிறார், பம்ப் எது நல்லது?

மதுரை_பலூன்காரர்:

வாயால் ஊதுவதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள் தங்கச்சி. கொரோனாவுக்குப் பிறகு எந்தத் தாயும் அந்தப் பலூனை வாங்க மாட்டாள், காதும் கன்னமும் வேறு போய்விடும். இழுத்தாலும் தள்ளினாலும் காற்று வருகிற கைப்பம்ப் கேட்டு வாங்குங்கள். வாங்கும்போதே இரண்டாக வாங்குங்கள். ஒன்று கட்டாயம் நடுப் பார்ட்டியில் உடையும்.