விரலில் அக்கி, கையில் சிவப்புக் கோடு: யாருக்காவது வந்திருக்கிறதா?

வெள்ளவத்தைப் பிள்ளை
இந்தக் குழுவில் எல்லோரும் உதட்டு அக்கி பற்றியே எழுதுகிறீர்கள். எனக்கு வந்தது விரலில். பல் கிளினிக்கில் உதவியாளர் வேலை, எச்சில் படாத நாளில்லை. விரல் நுனி வீங்கி விண் விண் என்று தெறித்தது. நகச்சுத்தி என்று அன்டிபயோட்டிக் தந்தார்கள், கேட்கவில்லை. அப்புறம் மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கமாக ஒரு சிவப்புக் கோடு ஏறியது. அக்குளில் நெறி கட்டி, காய்ச்சலும் வந்தது.

அவசரப் பிரிவில் மிஸ்ஸி அந்தக் கோடு முடிகிற இடத்தில் பேனையால் குறி போட்டார். சின்ன டொக்டர் விரலை வெட்டிச் சீழ் எடுக்கக் கையுறையும் போட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த பெரிய டொக்டர் விரலை வெளிச்சத்தில் திருப்பினார். கூட்டமாகச் சின்னச் சின்னக் கொப்புளங்கள், உள்ளே தெளிந்த நீர். "இது ஹெர்பீஸ், அக்கி வைரஸ். கத்தி வைக்காதேங்கோ" என்றார். வெட்டினால் வைரஸ் பரவும், பக்டீரியாவும் புகுந்துகொள்ளுமாம். வைரஸுக்கான அசைக்ளோவிர் குளிசை தொடங்கினார்கள். கோடு அந்தப் பேனைக் குறியைத் தாண்டவில்லை. அவர் கொஞ்சம் பிந்தி வந்திருந்தால் என்று நினைக்க இன்றும் நெஞ்சு பதறுகிறது.

கொட்டாஞ்சேனை அம்மா
என் சின்னவனுக்கு முதலில் வாயெல்லாம் புண், முரசு வீங்கி இரத்தம். விரல் சூப்புகிற பிள்ளை, அது பெருவிரலுக்கும் போய்விட்டது. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் நெறி. செவ்விளநீரைக் கரண்டியில் கொடுத்தாலும் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டுவான். அந்த முகம் கண்ணிலேயே நிற்கிறது. அசைக்ளோவிர் பாணியும் சேலைனும்தான் காப்பாற்றின.

தெஹிவளை அண்ணன்
தங்கச்சி, உங்கள் கதையை வாசித்துவிட்டு யாரும் அன்டிபயோட்டிக்கை நிறுத்திவிடக் கூடாது. கையில் ஏறும் சிவப்புக் கோடு பெரும்பாலும் பக்டீரியாவால் வருவது. அது இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. கோட்டைக் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எனக்கு வந்தது நெஞ்சில் அக்கி (ஷிங்கிள்ஸ் என்பார்கள்), அக்குளில் நெறி. அதற்கு 800 மில்லிகிராம் அசைக்ளோவிர், நாளைக்கு 5 தடவை, 7 நாள். கொப்புளம் கண்டு 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். விரல், உதட்டு அக்கிக்கு அளவு வேறு, அதனால் என் சீட்டைக் காட்டிப் பார்மசியில் வாங்காதேங்கோ. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவு குறைக்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். இந்த மருந்து வைரஸ் பெருகுவதைத்தான் தடுக்கும். வைரஸ் நரம்புக்குள் ஒளிந்திருக்கும், உடம்பு தளர்ந்தால் திரும்ப வரலாம். இன்னொன்று, உதட்டில் அக்கி உள்ளவர்கள் பச்சைக் குழந்தையைக் கொஞ்சவே கூடாது. வீட்டில் பெரியவர்கள் கோபித்தாலும் பரவாயில்லை.

வெள்ளவத்தைப் பிள்ளை
அண்ணன், எனக்கும் அன்டிபயோட்டிக்கை உடனே நிறுத்தவில்லை. கொப்புள நீரைச் சோதனைக்கு அனுப்பி, முடிவு வரும்வரை இரண்டும் தந்தார்கள். நான் சொல்ல வந்தது கத்தியைப் பற்றி.

கொட்டாஞ்சேனை அம்மா
சரி, ஒன்று கேட்கிறேன். புண் ஆறிவிட்டது, ஆனால் பிள்ளையின் நெறி இன்னும் கைக்குத் தட்டுப்படுகிறதே?

தெஹிவளை அண்ணன்
அது கரையச் சில வாரம் எடுக்கும் அக்கா. பெரிதானாலோ, கல்லுப்போல இறுகினாலோ, காய்ச்சல் திரும்பினாலோ உடனே டொக்டரிடம் காட்டுங்கோ.