கடல்காற்றில் 25,000 ரூபாய் கிட்டார் தாங்குமா, தாங்காதா?

ஓடாவி மகன் (பாம்பன்):
நேற்று மண்டபத்தான் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. வேர்க்காட்டுத் தம்பி கேட்டது சின்னக் கேள்வி. பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாங்க வேண்டும், 9,000 ரூபாய்க்குக் கிடைக்கும் யமஹா எஃப்310 (மேற்பலகை லேமினேட், அதாவது ஒட்டுப்பலகை) போதுமா, மதுரைக் கடையில் 25,000 சொன்ன எஃப்ஜி800 (சாலிட் டாப், அதாவது மேற்பலகை ஒட்டில்லாத மரம்) எடுக்கலாமா என்று கேட்டான். அதற்கு இவர் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார்: "சாலிட் டாப் நம்ம கடற்கரையில் ஒரு மழைக்காலம் தாங்காது, பிரிட்ஜ் (மேற்பலகையில் கம்பியைப் பிடித்திருக்கும் கட்டை) பெயர்ந்து வரும், காசைக் கடலில் போடாதே."

ஒரு மழைக்காலமாம்! என்னுடைய சாலிட் டாப் 2017இல் வாங்கியது. என் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு தெருதான் இருக்கிறது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் நம் கரையை ஒட்டி நகராமல் நின்று கொட்டியதே, அந்த வாரமும் இதே வீட்டில்தான் இருந்தது. பிரிட்ஜ் ஒட்டிய இடத்திலேயே இருக்கிறது. தெரியாததைத் தெரிந்தது போல எழுதி ஒரு பையனைக் குழப்புவது எனக்குப் பிடிக்கவில்லை.

மண்டபத்தான்:
ஒன்று தாங்கினால் எல்லாம் தாங்குமா? நான் கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். எங்கள் குழுவில் ஒருத்தர் 24,000 கொடுத்துச் சாலிட் டாப் எடுத்தார். ஆடியில் வாங்கினார். தை மாதம் பார்த்தால் பிரிட்ஜுக்குப் பின்பக்கம் பத்து ரூபாய் நோட்டை நுழைக்கலாம், அவ்வளவு இடைவெளி. நானே நுழைத்துப் பார்த்தேன். ஒரு மழைக்காலம்தானே அது? எண்ணிப் பாருங்கள்.

ஓடாவி மகன் (பாம்பன்):
அந்தக் கிட்டாரை எங்கே வைத்திருந்தார்கள்? உறையிலா, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டா? கம்பியைத் தளர்த்தினார்களா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

தம்பி, நீ கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன். என் அப்பா வள்ளம் கட்டிய ஓடாவி. மரம் நீளவாட்டில் அவ்வளவாக அசையாது, ஈரம் குடித்தால் குறுக்குவாட்டில்தான் ஊதும் என்பது அவரிடம் கற்றது. லேமினேட் என்பது மெல்லிய தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டியது. ஒன்று ஊதப் பார்த்தால் அடுத்தது பிடித்துக்கொள்ளும். அதனால் ஈரத்துக்கு அசையாது, உண்மைதான். ஆனால் கம்பி அதிரும்போதும் அது அப்படித்தான் இறுகி நிற்கும். சாலிட் டாப் ஒரே மரத்தின் பலகை, கம்பியோடு சேர்ந்து அதுவும் அதிரும். நீ கூடுதலாகக் கொடுக்கும் 16,000 பெரும்பாலும் அந்த மேற்பலகைக்குத்தான். எஃப்ஜி800இல் முதுகும் பக்கமும் லேமினேட்தான், அதையும் தெரிந்துகொள்.

கடையில் ஒரு காரியம் செய். நடுவில் இருக்கும் வட்டத் துளையின் விளிம்பை டார்ச் அடித்துப் பார். மேலே தெரியும் மரக்கோடு விளிம்பில் மடங்கி அப்படியே கீழே இறங்கினால் சாலிட். பிஸ்கட் அடுக்கு மாதிரி இரண்டு மூன்று வரி தெரிந்தால் லேமினேட். கடைக்காரர் வாயால் சொல்வதை நம்பாதே.

தொண்டிக்காரி:
எல்லோரும் "கொடுத்த காசுக்குத் தகுமா" என்று சண்டை போடுகிறீர்கள். தகும் என்றால் எதற்குத் தகும்? சத்தத்துக்கா, விரல் வலிக்காமல் வாசிக்கவா, பத்து வருடம் இருக்கவா? இந்த மூன்றும் வேறு வேறு. அதை முதலில் பேசி முடித்துவிட்டு அப்புறம் பிரிட்ஜுக்கு வரலாமே. புதிதாகக் கற்றுக்கொள்பவர் 9,000 கிட்டாரை வெறுப்பதற்குப் பாதிக் காரணம் ஆக்‌ஷன்தான், அதாவது கம்பி கழுத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) தடிக் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் கை சுகமாகப் போகும். நாலு மில்லி இருந்தால் விரல் கிழியும். பிரிட்ஜில் கம்பி உட்காரும் சாடில் துண்டைக் கொஞ்சம் உரசி இறக்கினால் சரியாகிவிடும். இதற்கு 16,000 வேண்டியதில்லை.

மண்டபத்தான்:
ஓடாவி மகனுக்குப் பதில். சுவரில்தான் தொங்கியது. எங்கள் வீடுகளில் கிட்டாருக்குத் தனி அறையா இருக்கிறது? 9,000 கிட்டாரும் பக்கத்து ஆணியில்தான் தொங்கியது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டும் ஒரே சுவர், ஒரே காற்று. ஒன்று பெயர்ந்தது, ஒன்று பெயரவில்லை. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

இன்னொன்றும் சொல்கிறேன், இதை யாரும் லேசாக எடுக்க வேண்டாம். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு கரையில் கிடக்கும். வேர்க்காட்டுத் தம்பி அப்படி ஒரு படகு வீட்டுப் பிள்ளைதான். 16,000 என்பது அந்த வீட்டில் இரண்டு மாதச் சாப்பாடு. பெருமைக்கு வாங்கச் சொல்வது சுலபம்.

ஓடாவி மகன் (பாம்பன்):
நான் பெருமைக்குச் சொன்னேனா? என் வீட்டிலும் தடைக்காலம் உண்டு, நானும் வலை பின்னித்தான் கிட்டார் வாங்கினேன். அதனால்தான் சொல்கிறேன், ஒரு தடவை வாங்கு, சரியாக வாங்கு.

சுவரில் தொங்கவிட்டதை நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். முடிந்தது. கிட்டார் மரத்துக்கு ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் நல்லது. நம் கடற்கரையில் ஐப்பசி கார்த்திகையில் உப்பு டப்பாவே கசியும். அப்போது சுவரில் தொங்கவிட்டால் எந்த மரம் சும்மா இருக்கும்?

கீழக்கரை சபுராளி:
ஈரத்தை மட்டும் பேசுகிறீர்களே. துபாயில் நான் வேலை பார்த்தபோது அறையில் இராப்பகலாக ஏசி. என் சாலிட் டாப்பில் பிரிட்ஜ் பெயரவில்லை, பலகை காய்ந்து பிளந்தது. பிரிட்ஜுக்குக் கீழே மயிரிழை மாதிரி ஒரு கோடு. முதலில் கீறல் என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை. நகத்தை வைத்தால் தட்டியது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

காசு கூடினால் சாலிட் என்பதும் இல்லை. மார்ட்டின் 1833இல் தொடங்கிய கிட்டார் கம்பெனி. அவர்களுடைய எக்ஸ் வரிசையில் அழுத்தி ஒட்டிய லேமினேட் பலகைதான், மரமே இல்லை என்று கூடச் சொல்லலாம். விலையோ எஃப்ஜி800ஐ விடக் கூட. ஊர் ஊராகச் சுற்றுபவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள், ஈரத்துக்கும் வறட்சிக்கும் அசையாது என்பதால்.

மண்டபத்தான்:
சபுராளிக் காக்கா (அண்ணன்) சொன்னதைக் கேட்டீர்களா? அவருடையதும் சாலிட் டாப்தான் போனது. லேமினேட் போனதாக ஒருத்தராவது சொன்னீர்களா?

ஓடாவி மகன் (பாம்பன்):
காக்காவுடையது காய்ந்து வெடித்தது. நீங்கள் சொன்னது மழைக்காலத்தில் பிரிட்ஜ் பெயர்வது. இரண்டும் ஒன்றா? பேச்சை மாற்றாதீர்கள். "ஒரு மழைக்காலம்" என்று எழுதியது நீங்கள்.

பாம்பன் ரயில் பாலத்தைப் பாருங்கள். 1914இல் திறந்தது, 2022 டிசம்பர் வரை ரயில் ஓடியது. 108 வருடம், இதே உப்புக்காற்றில். எப்படி? சுரண்டி, பெயிண்ட் அடித்து, பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பராமரித்தால் எதுவும் நிற்கும்.

மண்டபத்தான்:
பாலம் இரும்பு. கிட்டார் மரம். ஓடாவி வீட்டுப் பிள்ளைக்கு இந்த வித்தியாசத்தை நான் சொல்லித்தர வேண்டுமா? பழைய பாலத்தையே துரு தின்றதால்தான் 2025 ஏப்ரலில் புதுசு திறந்தார்கள். புதுசுக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்ஸேன் என்ற துருத்தடுப்புப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். ஏன்? இந்தக் காற்று எதையும் விடாது என்று தெரிந்துதான்.

ஓடாவி மகன் (பாம்பன்):
அதைத்தானே நானும் சொல்கிறேன்! காற்றுக்குத் தக்க பூச்சு போடு என்கிறேன். கிட்டாருக்கும் பூச்சுக் கம்பி இருக்கிறது. எலிக்ஸிர் கம்பெனி 1997இலேயே கொண்டுவந்தது. விலை சாதாரணக் கம்பியைப் போல இரண்டு மூன்று மடங்கு, ஆனால் நம் ஊரில் சாதாரண வெண்கலக் கம்பி மூன்று வாரத்தில் கறுத்துவிடும். பாலத்தின் கதையை என்னிடம் சொல்லாதீர்கள், நான் அதன் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவன்.

வேர்க்காட்டுப் பாட்டுக்காரன்:
அண்ணன்மாரே, ஜூலையில் சந்தியாகப்பர் திருவிழா வருகிறது. அதற்குள் கிட்டார் கையில் இருக்க வேண்டும். மைக் வைத்துத்தான் வாசிப்போம். மைக்கில் இந்த மேற்பலகை வித்தியாசம் தெரியுமா?

தொண்டிக்காரி:
இதுதான் சரியான கேள்வி. இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

2018இல் லான்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். 52 கிட்டார் கலைஞர்கள், ஆறு கிட்டார்கள், எது எந்த மரம் என்று கண்ணுக்குத் தெரியாதபடி செய்துவிட்டு வாசிக்கச் சொன்னார்கள். விலை உயர்ந்த மரத்தையும் மலிவான மரத்தையும் அவர்களால் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மண்டபத்தான்:
கைதேர்ந்தவர்களுக்கே தெரியவில்லை! நன்றி அக்கா. 16,000 மிச்சம்.

ஓடாவி மகன் (பாம்பன்):
அக்கா, பாதியைச் சொல்லி விட்டுவிட்டீர்கள். அந்த ஆறிலும் மேற்பலகை ஒரே வகை. முதுகும் பக்கமும் மட்டும்தான் மாறின. முதுகு மரத்துக்குக் கொட்டிக் கொடுக்காதே என்பதற்குத்தான் அது ஆதாரம். மேற்பலகையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஸ்பெயினில் டோரஸ் என்ற கிட்டார்த் தச்சர் 1862இல் ஒரு கிட்டார் செய்தார். முதுகும் பக்கமும் காகித அட்டை, மேற்பலகை மட்டும் நல்ல மரம். குரல் மேற்பலகையில்தான் இருக்கிறது என்று காட்டவே அப்படிச் செய்தார்.

தம்பி, மைக்கில் வித்தியாசம் குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ வீட்டில் மைக் வைத்தா பழகுவாய்? ராத்திரி பத்து மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து மெதுவாக விரலால் மீட்டும்போது நெஞ்சில் வந்து படும் அந்த அதிர்வு லேமினேட்டில் வராது. அதற்காகத்தான் நான் வாங்கினேன்.

ஓலைக்குடா:
மண்டபத்தான் சொன்ன அந்தக் கிட்டார் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் சொன்னவர் ஒன்றைச் சொல்லவில்லை. போன வருடம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அதை வேனுக்குள்ளேயே போட்டுவிட்டார்கள். கண்ணாடி ஏற்றிய வேன், வெயில், ஒரு பகல் முழுக்க. கம்பி ஒன்றும் தளர்த்தவில்லை. நான்தான் சாயங்காலம் எடுத்து வந்தேன், உறையின் ஜிப் தொட முடியாமல் சுட்டது. ஆறு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும், பசை இளகினால் பிரிட்ஜ் எங்கே நிற்கும்?

ஓடாவி மகன் (பாம்பன்):
இதோ! மழைக்காலமாவது மண்ணாவது. வெயிலில் வேகவைத்துவிட்டு மழைமேல் பழி போட்டிருக்கிறார். மண்டபத்தான், "ஒரு மழைக்காலம் தாங்காது" என்று எழுதியதைத் திரும்பப் பெறுங்கள்.

மண்டபத்தான்:
எதற்குத் திரும்பப் பெற வேண்டும்? அதே வேனில் 9,000 கிட்டாரும்தான் கிடந்தது. அதன் பிரிட்ஜ் பெயரவில்லை. வெயிலோ மழையோ, பெயர்ந்தது எது? சாலிட் டாப்.

ஓலைக்குடா, நீ என் கேப்போவை (கிட்டார் கழுத்தில் மாட்டும் கிளிப்) வாங்கிப்போய் ஒரு வருடமாகிறது. அதைக் கொடுத்துவிட்டு எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வா.

ஓலைக்குடா:
கேப்போவை உங்கள் தம்பி கையில் போன கிறிஸ்துமஸுக்கே கொடுத்துவிட்டேன். வீட்டில் கேளுங்கள்.

மண்டபத்தான்:
கேட்டேன். வரவில்லை என்கிறான். ஸ்பிரிங்கில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும், எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

கீழக்கரை சபுராளி:
கேப்போவை நேரில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். தம்பிக்கு நான் சொல்வது, நாங்கள் இருப்பது தென்கடல், மன்னார் வளைகுடா. கச்சான் காற்று அடித்தால் இங்கே மணலோடு சேர்ந்து உப்பு வரும். வடகடல், பாக் நீரிணைப் பக்கம் இவ்வளவு இல்லை. உங்கள் தங்கச்சிமடத்தில் சாலிட் டாப் தாங்கலாம்.

தொண்டிக்காரி:
வடகடலில் உப்பு இல்லையா? வாடைக்காற்று நேராக எங்கள் வாசலில் வந்து மோதுகிறது காக்கா. ஐப்பசியில் ஒருநாள் வந்து இருந்து பாருங்கள், கதவுக் கீல் எப்படித் துருப்பிடிக்கிறது என்று.

கீழக்கரை சபுராளி:
இரண்டு கடலையும் பார்த்தவன் நான். தென்கடல் காற்றுதான் கடுமை.

ஓடாவி மகன் (பாம்பன்):
பாம்பனில் இரண்டு காற்றும் அடிக்கிறது. இரண்டையும் வாங்கிக்கொண்டு என் கிட்டார் நிற்கிறது.

தம்பி, நீ மதுரைக்குப் போகும்போது இதை மனதில் வை. துணிப்பை வேண்டாம், கெட்டிப் பெட்டி கேள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் நாலு பொட்டலம் போடு, ஈரமானி ஒன்றும் வை, சில நூறு ரூபாய்தான். வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் பிடித்துத் துடை, கைவியர்வையும் உப்புதான். ஒரு வாரம் தொடமாட்டாய் என்றால் கம்பியை அரைச்சுரம் இறக்கி வை. மழைக்காலத்தில் ஆக்‌ஷன் உயர்ந்தால் பயப்படாதே, மேற்பலகை ஈரம் குடித்துக் கொஞ்சம் புடைத்திருக்கும், தை பிறந்தால் இறங்கும். இவ்வளவும் செய்தால் ஒரு மழைக்காலம் இல்லை, இருபது தாங்கும்.

மண்டபத்தான்:
பெட்டி 3,000, பூச்சுக் கம்பி, ஜெல், ஈரமானி. 25,000 எங்கே போய் நிற்கிறது என்று கூட்டிக் காட்டவில்லையே? இவ்வளவு தாங்கிப் பிடித்தால்தான் நிற்கும் என்றால் அதற்குப் பெயர்தான் தாங்காது.

தொண்டிக்காரி:
நான் முதலில் கேட்ட கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வேர்க்காட்டுப் பாட்டுக்காரன்:
சனிக்கிழமை அம்மாவோடு மதுரைக்குப் போகிறேன். இரண்டையும் வாசித்துப் பார்க்கிறேன். அந்த விளிம்பை டார்ச் அடித்துப் பார்ப்பது இரண்டு கிட்டாரிலும் தெரியுமா அண்ணே?

ஓடாவி மகன் (பாம்பன்):
தெரியும். சிலதில் விளிம்புக்குக் கறுப்புச் சாயம் பூசி மறைத்திருப்பார்கள், அப்போது உள்பக்கம் கண்ணாடி வைத்துப் பார். மேலே தெரியும் கோடும் உள்ளே தெரியும் கோடும் ஒத்துப்போக வேண்டும். போட்டோ எடுத்து இங்கே போடு, நான் சொல்கிறேன்.

மண்டபத்தான், என் கிட்டாரின் பிரிட்ஜையும் இன்று ராத்திரி போட்டோ எடுத்துப் போடுகிறேன். பத்து ரூபாய் நோட்டோடு.

மண்டபத்தான்:
போடுங்கள். நோட்டு புது நோட்டாக இருக்கட்டும், கசங்கினது எதிலும் நுழையாது.