நடை பழகும் குழந்தையிடம் பெரியவர்கள் கற்க என்ன இருக்கிறது?

தெப்பக்குளத்துக்காரி:
என் பேத்திக்கு 14 மாதம். நேற்றுக் கதவு நிலையைப் பிடித்து எழுந்தாள், கையை விட்டாள், இரண்டு எட்டு வைத்ததும் பொத்தென்று உட்கார்ந்தாள். அழவில்லை. உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றி, முதலில் இடுப்பைத் தூக்கி, பிறகு தலையை நிமிர்த்தி மறுபடியும் எழுந்துவிட்டாள். 2012-இல் அமெரிக்க உளவியலாளர் கேரன் அடால்ஃப் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், நடை பழகும் குழந்தைகள் மணிக்குச் சராசரியாக 2,368 அடி வைத்தார்கள், 17 முறை விழுந்தார்கள். நானோ 48 வயதில் ஸ்கூட்டர் பழகப் போய், தெப்பக்குளக் கரையில் ஒரே ஒரு முறை சாய்ந்ததும் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டேன். அவளிடம் நான் பாடம் கேட்க வேண்டும்.

செல்லூர்வாசி:
அக்கா, இந்த ஒப்பீட்டை நான் ஏற்கமாட்டேன். இரண்டரை அடி உயரப் பிள்ளை விழுந்தால் உட்காருகிறது. நாம் விழுந்தால் எலும்பு முறிகிறது. அதோடு, பிள்ளை விழுவதால் யாருக்கும் நட்டமில்லை. எங்கள் தறிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர் பாவு இழையை (தறியில் நீளவாக்கில் ஓடும் நூலை) அறுத்துவிட்டால் கூலியில் பிடிக்கிறார்கள். அவரிடம் போய், குழந்தையைப் பார்த்துக் கற்றுக்கொள் என்றால் வயிறு எரியாதா?

மேலூர் ஆசிரியர்:
குழந்தை அஞ்சாமல் எழுகிறது என்பதைவிட எனக்கு வியப்பானது வேறொன்று. அதே அடால்ஃபின் சரிவுச் சோதனைகளில், நன்றாகத் தவழத் தெரிந்த குழந்தைகள் செங்குத்தான சரிவைக் கண்டதும் தயங்கி நின்றன. நடக்கத் தொடங்கிய புதிதில் அதே சரிவில் துணிந்து காலை வைத்துவிட்டன. தவழ்ந்து கற்றது நடைக்கு உதவவில்லை. எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதை முதலிலிருந்து அறிய வேண்டியிருந்தது. இருபது வருட அனுபவத்தோடு புது வேலைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால், முதல் மாதத் தடுமாற்றத்துக்காகத் தங்களையே நொந்துகொள்ள மாட்டார்கள்.

செல்லூர்வாசி:
ஐயா, அவர்கள் நொந்துகொள்ளாமல் இருக்கலாம். வேலை வாங்குபவர் சும்மா விடுவாரா? பிள்ளைத்தமிழில் நடை பழகும் பருவத்துக்குப் பெயரே வருகை. நடப்பது பிள்ளை, பாட்டில் கேட்பதோ, எதிரே நின்று ‘வருக வருக’ என்று அழைக்கிற தாயின் குரல். தரையில் கிடக்கும் அரிவாள்மனையை எடுத்து வைக்கிறோம், இரண்டு எட்டு வைத்தால் கை தட்டுகிறோம். பெரியவர்களில் ஒருவர் தடுமாறினால் இதில் எதைச் செய்கிறோம்? கற்க வேண்டியது எதிரே நிற்பவர்கள்தான்.

தெப்பக்குளத்துக்காரி:
அன்று நான் சாய்ந்ததும், “இதற்குத்தான் வேண்டாம் என்றேன்” என்றான் என் மகன். கை தட்ட வேண்டாம், அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருந்திருந்தால் போதும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு, கூட்டம் சேர்வதற்குள், மருமகளோடு கரைக்குப் போகிறேன். பின்னால் உட்கார்ந்து வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

செல்லூர்வாசி:
போய் வாருங்கள் அக்கா, ஹெல்மெட்டை மறக்காதீர்கள். பழகுபவர்களுக்கு முதல் மூன்று மாதம் கூலியில் பிடித்தம் கூடாது என்று நாங்கள் நான்கு பேர் நாளை முதலாளியிடம் கேட்கப் போகிறோம்.